ஆபீஸ் பக்கம் மட்டும் போயிராத

யமுனா கல்லூரியில் சேர்ந்த வருஷம், கொல்லிமலையின் எடப்புளி நாட்டில் அவளுடைய ஊருக்குப் பட்டதாரி என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒருவன்தான் இருந்தான். பெரியப்பா குப்புசாமியின் மகன் தனபால். ஆதாரில் பேர் திருத்த வேண்டுமா, சாதிச் சான்றிதழுக்கு மனு எழுத வேண்டுமா, ஆஸ்பத்திரிச் சீட்டில் என்ன கிறுக்கியிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமா, எல்லாவற்றுக்கும் ஊர் அவனைத்தான் தேடியது. குச்சிக்கிழங்கு லோடு ஏற்றும் இடத்தில்கூட அவன் வந்தால் உட்கார ஒரு சாக்கை மடித்துப் போடுவார்கள். 'பையன் குரூப் பரீட்சைக்குப் படிக்கிறான். இந்த வருஷம் இல்லாட்டி அடுத்த வருஷம் தாலுகா ஆபீஸ்ல உக்காந்துருவான்' என்று குப்புசாமி நாலு வருஷமாகச் சொல்லிவந்தார். யாரும் சிரிக்கவில்லை. படித்தவனுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும் என்று ஊருக்குத் தெரியும்.

யமுனாவுக்குத் தனபால் என்றால் உயிர். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியபோது, 'நான் படிச்ச காலேஜிலயே, நான் படிச்ச கெமிஸ்ட்ரியே எடு கண்ணு' என்று அவன்தான் சொன்னான். விண்ணப்பத்தைச் செல்போனிலேயே நிரப்பியவனும் அவன்தான். ஆனால் சேர்க்கைக்கு அவளுடன் கீழே போக மட்டும் அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அன்றைக்குப் பரீட்சைக்கு ஏதோ மாதிரித் தேர்வு என்றான். அவளுடைய அப்பா குழந்தைசாமிதான் கூடப் போனார். மலைப்பாதையின் எழுபது வளைவுகளிலும் வாந்தி எடுத்து, அடிவாரத்துக் காரவள்ளியில் இறங்கி முகம் கழுவிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, மகளைக் கல்லூரியிலும் பெண்கள் விடுதியிலும் சேர்த்துவிட்டு வந்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், பலா மரத்தடியில் அவளை உட்கார வைத்துத் தனபால் புத்திமதி சொன்னான். யமுனா ஒரு நோட்டில் அதையெல்லாம் எழுதிக்கொண்டாள்.

"முதல் பெஞ்சுல உக்காராத. வாத்தியாருங்க கண்ணுல பட்டா கேள்வி கேட்டே கொன்னுருவாங்க. பின்னால ஒதுங்கி உக்காந்துக்க. சந்தேகம் கேக்காத, நாம பேசறதைக் கேட்டுச் சிரிப்பாங்க. இன்டர்னல் மார்க்கெல்லாம் சும்மா, கடைசியில எல்லாருக்கும் போட்டுருவாங்க. அரியர் விழுந்தா பயப்படாத, மூணாவது வருஷம் மொத்தமா எழுதிக்கலாம்."

"சரிங்கண்ணா."

"எந்த ஊருன்னு கேட்டா கொல்லிமலைன்னு மட்டும் சொல்லு. நாடு, ஊருப் பேரெல்லாம் வேண்டாம். எளக்காரமாப் பாப்பாங்க. அப்புறம் ஆபீஸ் பக்கம் மட்டும் போயிராத கண்ணு. அங்க இருக்கிறவங்க எரிஞ்சு விழுவாங்க. ஏதாவது பாரம், கையெழுத்துன்னா எனக்குப் போன் பண்ணு, நான் பாத்துக்கறேன்."

அதையும் எழுதினாள். அடியில் கோடு போட்டாள்.

முதல் பருவம் முழுக்க அந்த நோட்டுப்படியே நடந்தாள். கடைசி பெஞ்சில், ஜன்னலோரம், பாதிக் கரும்பலகை தெரியாத இடத்தில் உட்கார்ந்தாள். பாடம் இங்கிலீஷில் ஓடியது. 'மோல்' என்றால் என்னவென்று அவளுக்குப் பிடிபடவே ஒரு மாதமாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வித்யாஸ்ரீ ராசிபுரம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். ஒருநாள், "ஏன்பா, புரியலைன்னா மேடத்துக்கிட்டக் கேக்கலாமே, நல்லாத்தான் சொல்லிக் குடுப்பாங்க" என்றாள். யமுனா தலையாட்டினாள். கேட்கவில்லை. நோட்டில் வேறு மாதிரி எழுதியிருந்ததே. பருவ முடிவில் இரண்டு பாடங்களில் அரியர் விழுந்தது. தனபாலுக்குப் போன் போட்டு அழுதாள். அவன் சிரித்தான். "எனக்கு மூணு விழுந்துச்சு கண்ணு. கடைசியில பஸ்ட் கிளாஸ் வாங்கலையா?" அதைக் கேட்டு அவளுக்கு மனசு லேசாகிப் போனது.

தை மாதம் மிளகு பறிக்கும்போது ஏணி சறுக்கிக் குழந்தைசாமி கீழே விழுந்தார். இடுப்பெலும்பில் விரிசல். எழுந்து நிற்கவே ஒன்றரை மாதம் ஆகும் என்றார்கள். பறிக்காமல் விட்டால் மிளகு கொடியிலேயே பழுத்து உதிர்ந்துவிடும். அம்மா சென்னம்மாள் ஒருத்தியால் ஆகிற வேலையில்லை. யமுனா வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே தனபாலிடம் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, லீவுக்கு லெட்டர் எதாச்சும் குடுக்கணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். உன்ற மேடத்துக்கிட்ட நானே பேசிடறேன். எனக்குப் பாடம் எடுத்தவங்கதான்."

இரண்டு நாள் கழித்து, "பேசிட்டேன். அப்பாவைப் பாத்துக்கிட்டு மெதுவா வரச் சொன்னாங்க" என்றான். யமுனா நிம்மதியாக ஏணி ஏறினாள். ஆறு வாரம் மிளகு பறித்து, காயவைத்து, அப்பாவைத் தூக்கி உட்கார்த்தி, கால் அமுக்கிவிட்டுத் திரும்பிப் போனாள்.

பங்குனியில் ஹால் டிக்கெட் கொடுத்தார்கள். அவளுடையது வரவில்லை. வகுப்பு மேடத்திடம் போய் நின்றாள். அந்த வருஷத்தில் அந்த அம்மாளிடம் அவள் முதல்முறையாக வாய் திறந்தது அப்போதுதான்.

"அறுபத்தொரு பெர்சென்ட்தான்மா வருகை இருக்கு. அறுபத்தஞ்சுக்குக் கீழ போனா இந்தப் பருவம் எழுத முடியாது. அடுத்த பருவத்தோட சேத்துத்தான் எழுதணும். ஆறு வாரம் எங்க போன? ஒரு தகவல் இல்லை, ஒண்ணுமில்லை."

"அப்பாவுக்கு அடிபட்டிருச்சுங்க மேடம். எங்க அண்ணன் உங்ககிட்டப் பேசுனாங்களே?"

"எந்த அண்ணன்? எங்கிட்ட யாரும் பேசலையே."

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, லேப் நாளுக்கு மட்டுமாவது வந்து போகச் சொல்லியிருப்பேன். நாலு நாள் வந்திருந்தாக்கூடத் தாண்டியிருக்கும். சரி, ஆபீஸ்ல போயி வருகைக் கணக்கை இன்னொரு தடவை பாக்கச் சொல்லு. விட்டுப்போன நாள் ஏதாவது இருக்கலாம்."

போகாதே என்று கோடு போட்டு வைத்த இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. வித்யாஸ்ரீ துணைக்கு வந்து வாசலில் நின்றுகொண்டாள்.

உள்ளே நஞ்சம்மாள் என்ற எழுத்தர் இருந்தார். தலை நரைத்த, கணீரென்ற குரல்காரி. எரிந்து விழவில்லை. "உக்காரு கண்ணு" என்று நாற்காலியைத் தள்ளினார். வருகைப் பதிவை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். அறுபத்தொன்று அறுபத்தொன்றாகவே நின்றது. உதட்டைப் பிதுக்கியபடி சேர்க்கைப் படிவத்தைப் புரட்டியவர் முகவரியில் நின்றார்.

"எடப்புளி நாடா நீயி? அடடே. அந்த ஊருலிருந்து இதுக்கு முன்னால ஒரு பையன் வந்தானே. இதே கெமிஸ்ட்ரிதான். தனபாலு. தெரியுமா உனக்கு?"

"எங்க பெரியப்பா பையனுங்க. இங்கதானுங்க படிச்சு முடிச்சாங்க."

நஞ்சம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "முடிச்சானா? ஏழு மாசம் வந்தான் கண்ணு. பொங்கலுக்கு ஊருக்குப் போனவன், வரவே இல்லை. நாங்க மூணு லெட்டர் போட்டோம். பத்தாவது, பன்னெண்டாவது ஒரிஜினல் எல்லாம் இன்னும் இங்கதான் கெடக்குது. வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லேன், பாவம்."

எழுந்து போய் ஒரு பழுப்புக் கவரை எடுத்து வந்து மேசையில் போட்டார். மேலே பின் குத்திய போட்டோவில் மீசை முளைக்காத தனபால் விறைப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கவரின் மேல் 'இடைநின்றவர்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

யமுனா வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். வித்யாஸ்ரீ என்னென்னவோ கேட்டாள். அவள் காதில் விழவில்லை. ஏமாந்துபோனது முதலில் அவளுக்கு உறைக்கவில்லை. பலா மரத்தடியில் அவன் சொன்னது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தபோதுதான் உறைத்தது. ஊர்ப் பேரைச் சொல்லாதே. வாத்தியார் கண்ணில் படாதே. ஆபீஸ் பக்கம் போகாதே. அதில் ஒன்றுகூட அவள் தேறுவதற்காகச் சொன்னதில்லை. அவன் பேர் இருக்கிற கவரின் பக்கம் அவள் போய்விடக் கூடாது என்பதற்காகச் சொன்னவை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவளைக் கடைசி பெஞ்சில் உட்கார்த்தி வைத்திருந்தான். தெரியாமல் தப்பாகச் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மலையேறினாள். தனபால் மிளகுக் கொடிக்குப் பக்கத்தில், கையில் ஒரு பொது அறிவுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும், "என்ன கண்ணு, சொல்லாமக் கொள்ளாம?" என்றான்.

"நஞ்சம்மா மேடம் உங்களைக் கேட்டாங்கண்ணா. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வந்து வாங்கிட்டுப் போகச் சொன்னாங்க."

புத்தகம் மடியிலிருந்து நழுவியது. அவன் எடுக்கவில்லை. "ஆபீசுக்குப் போகாதேன்னு சொன்னேனே" என்றான். அதட்டலாக ஆரம்பித்த அந்தப் பேச்சு பாதியிலேயே உடைந்துபோனது.

பிறகு அவன் சொன்னான். வகுப்பில் ஒன்றுமே புரியவில்லை. லேபில் ஒரு கண்ணாடிக் குழாயை உடைத்தான், எல்லாரும் சிரித்தார்கள். பொங்கலுக்கு வந்தபோது அப்பா ஊரெல்லாம் கூட்டி, 'என்ற பையன் காலேஜ்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். போகமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, நாமக்கல்லில் ஒரு முட்டை குடோனில் சேர்ந்தான். இரண்டரை வருஷம் அட்டையில் முட்டை அடுக்கினான். மாதம் ஒருமுறை புத்தகப் பையோடு ஊருக்கு வந்தான். படிப்பு முடியும் மாதம் வந்ததும், முடிந்துவிட்டது என்று சொல்லி வீட்டோடு வந்துவிட்டான்.

அவன் பட்டதெல்லாம் அவளும் பட்டதுதான். "அந்த மேடத்துக்கிட்டப் பேசிட்டேன்னு சொன்னீங்களே, அது எதுக்குண்ணா? பேசலைன்னு சொல்லியிருந்தா நானே ஒரு லெட்டர் குடுத்திருப்பனே."

அவன் அழ ஆரம்பித்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்பனுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாரு. சொல்லிறாத சாமி. உன்ற கால்ல வேணும்னாலும் விழறேன்."

"சொல்லலைங்கண்ணா. ஆனா இனிமே காலேஜுக்குப் போற யாருக்கும் நீங்க புத்தி சொல்லக்கூடாது."

"சத்தியமாச் சொல்லமாட்டேன்."

அன்று சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். பரீட்சை எழுத முடியாது என்று கேட்டதும் குழந்தைசாமி கட்டிலில் நிமிர்ந்து உட்கார முயன்று வலியில் முகம் சுளித்தார். செய்தி கேட்டுப் பெரியப்பா வந்தார், பின்னாலேயே தனபாலும் வந்தான். குழந்தைசாமி அவனைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஏஞ்சாமி, நீ அத்தனை சொல்லி அனுப்புனியே. இவ என்ன பண்ணிட்டு வந்திருக்கறா பாத்தியா?"

யமுனா தனபாலைப் பார்த்தாள். உண்மையைச் சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பேசாமல் இருந்தாலே போதும் என்று நினைத்தாள்.

தனபால் தரையைப் பார்த்தபடி சொன்னான். "நான் சொன்னபடி கேட்டிருந்தா இப்படி ஆயிருக்காதுங்க சித்தப்பா. லீவு போட்டா லெட்டர் குடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

குப்புசாமி மகனின் தோளில் கை வைத்துக்கொண்டார். "படிச்சவன் சொன்னாக் கேக்கோணும் கண்ணு" என்று யமுனாவைப் பார்த்து இரக்கமாகச் சொன்னார். அந்தக் கையைப் பார்த்ததால்தான் அவள் வாயைத் திறக்கவில்லை. அம்மா தட்டில் சாமைச்சோற்றைப் போட்டு முன்னால் தள்ளினாள். யமுனா பிசைந்தாள், ஒரு வாய்கூட இறங்கவில்லை. காலையில் அவள் கையைப் பிடித்து அழுதவன், சாயங்காலம் அதே வாயால் அவளைக் குற்றவாளியாக்கிவிட்டு எழுந்து போனான்.

மலையை விட்டு இறங்கியதும் அவள் செய்த முதல் காரியம் அந்த நோட்டைக் கிழித்ததுதான். இரண்டாம் ஆண்டு தொடங்கியபோது வித்யாஸ்ரீயை இழுத்துக்கொண்டு முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பாடம் புரியாத அன்றைக்கே, வகுப்பு முடிந்து வராந்தாவில் மேடத்தைப் பிடித்துக் கேட்டாள். மலைப்பேச்சிலேயே கேட்டாள். இரண்டு பேர் சிரித்தார்கள், மேடம் சிரிக்கவில்லை. இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு எதிரில் தமிழில் எழுதித் தினம் பத்து வார்த்தை படித்தாள். போன வருஷ வினாத்தாள்களை நூலகத்தில் வாங்கி, இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டார்கள். ஊருக்குப் போக வேண்டி வந்தால் முதலில் துறையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஆபீஸில் நஞ்சம்மாளிடம் கடிதம் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். விட்டுப்போன பருவத்தின் பாடங்கள், முதல் அரியர் இரண்டு, புதுப் பாடங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நவம்பரில் எழுதினாள். ஒன்றைத் தவிர எல்லாம் தேறின. அந்த ஒன்றும் அடுத்த முறை தேறியது.

ஊருக்கு வரும்போதெல்லாம் தனபாலைக் கண்டால் வேறு பாதையில் போனாள். 'என்ன, அண்ணன்கூட மூஞ்சி குடுத்துப் பேசறதில்லை?' என்று அம்மா கேட்டாள். தப்புச் செய்தவளுக்குக் கோபம் வேறு என்று அப்பா முணுமுணுத்தார்.

அவள் மூன்றாம் ஆண்டு போகிற ஜூன் மாதம், பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து அம்சவேணி என்ற பெண்ணுக்கு அதே கல்லூரியில் இடம் கிடைத்தது. யமுனாவோடு சேர்ந்தே கீழே போகட்டும் என்று அவளை அனுப்பிவைத்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்சவேணி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"அக்கா, தனபால் அண்ணன் எல்லாம் சொல்லிக் குடுத்திருக்காங்க. பின்னால உக்காரோணும், ஊருப் பேரு சொல்லக்கூடாது, ஆபீஸ் பக்கம் போகக்கூடாதுன்னாங்க. சரியாங்கக்கா?"

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. யமுனா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சத்தியம் செய்தவன். கையைப் பிடித்து அழுதவன். அடுத்த பெண் கல்லூரிக்குக் கிளம்பும் வரைதான் அந்தச் சத்தியம் தாங்கியது. ஊரைப் பற்றியும், பெரியப்பாவைப் பற்றியும், கொடுத்த வாக்கைப் பற்றியும் காரவள்ளி வரும் வரைக்கும் யோசித்தாள். அம்சவேணியிடம் தனபாலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கல்லூரி வாசலில் இறங்கியதும் அவள் கையைப் பிடித்து நேராக ஆபீசுக்குக் கூட்டிப் போனாள்.

"மேடம், இவ அம்சவேணி. எங்க எடப்புளி நாட்டுப் பொண்ணு. எதுன்னாலும் உங்ககிட்டத்தான் வருவா."

"நல்லாப் படி கண்ணு" என்ற நஞ்சம்மாள், வழக்கம்போல யமுனாவிடம் கேட்டார். "ஏங்கண்ணு, அந்தத் தனபாலுகிட்டச் சொன்னியா இல்லையா? அந்தக் கவர் இன்னும் இங்கதான் கெடக்குது."

அம்சவேணி யமுனாவின் முகத்தைப் பார்த்தாள். யமுனா பேச்சை மாற்றவில்லை. நஞ்சம்மாளும் நிறுத்தவில்லை.

அம்சவேணி போனில் வீட்டுக்குச் சொல்ல, இரண்டு நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை யமுனா வீட்டுக்கு வந்தபோது தனபால் வாசலிலேயே மறித்துக்கொண்டான். தாடி வளர்ந்திருந்தது.

"நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டியே, யமுனா."

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. "நான் எதுவும் சொல்லலைங்க. அவளுக்கு ஆபீஸைக் காட்டினேன். நீங்க எனக்குக் காட்டாத எடம்." அண்ணா என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. அதை அவனும் கவனித்தான். வழியை விட்டு ஒதுங்கினான்.

உள்ளே குழந்தைசாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "அன்னைக்கே ஏன் சாமி சொல்லலை?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களாப்பா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த மாதமே தனபால் மறுபடியும் நாமக்கல் முட்டை குடோனுக்குப் போய்விட்டான். இந்த முறை புத்தகப் பை இல்லாமல் போனான். கவரை வாங்கிக்கொள்ள வரவில்லை. குப்புசாமி வீட்டிலிருந்து யமுனாவின் வீட்டுக்குப் போக்குவரத்து நின்றது. திருவிழாவுக்குக்கூட அழைக்கவில்லை. பொய் சொன்னவன்மேல் வந்த கோபத்தைவிட, அது வெளியே வரக் காரணமாக இருந்தவள்மேல் வந்த கோபம் அந்த வீட்டில் பெரிதாக இருந்தது. ஊரிலும் சிலர், 'தெரிஞ்சும் ஒரு வருஷம் மூடி வெச்சிருந்தவதானே' என்று பேசினார்கள். அது பொய்யில்லை என்பதால் யமுனாவுக்கு அதுதான் அதிகம் வலித்தது.

அவள் பட்டம் வாங்கினாள். முதல் வகுப்பு. வாங்கிய மறுநாள், அம்மா தடுத்தும் கேளாமல், ஒரு சின்ன மிட்டாய்ப் பெட்டியோடு பெரியப்பா வீட்டுக்குப் போனாள். குப்புசாமி காயப்போட்ட மிளகைக் கையால் துழாவிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வருஷத்தில் நன்றாக ஒடுங்கிப்போயிருந்தார். பெட்டியைப் பார்த்தார், தொடவில்லை.

"அவனும் இப்படித்தான் ஒரு நாளு முட்டாயி கொண்டாந்தான்."

யமுனா அவருக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"சர்ட்டிபிகேட்டு கையில இருக்குதா?"

உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். மேலிருந்து கீழாகப் பார்த்தார். முத்திரையைக் கட்டைவிரலால் தடவினார். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதே சாமி" என்றார். "உன்னுதாச்சும் நெசந்தானா?"

"நெசந்தானுங்க பெரியப்பா."

அவர் தலையாட்டினார். நம்பித்தான் தலையாட்டினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுபடி குனிந்து மிளகைத் துழாவ ஆரம்பித்தார். அவள் மிட்டாய்ப் பெட்டியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, வெயிலில் வீட்டுக்கு நடந்தாள்.